காதர் ஊற்றிய தண்ணீர் போன வழி

தம்பி,

உன் கல்யாண அழைப்பிதழ்க் கட்டோடு நீ திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போயிருக்கும் இந்த ஒரு வாரத்தில், நம் வீட்டு வாசலில் நிற்கும் உன் பழைய பிக்கப் வண்டியில் தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த வயதில் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை கிடையாது. கிளம்பும்போது உன் அம்மாவிடம் நீ சொன்ன ஒரு வாக்கியம் படுக்க வைத்தது. "காதர் பாய்க்கும் ஒரு பத்திரிகை வச்சுட்டாப் போச்சும்மா. எல்லாம் சரியாப் போயிரும்." நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த அப்பாவின் காதில் விழாது என்று நினைத்திருப்பாய். பிறர் பேசுவதைக் காதில் வாங்கி எழுதியே உன்னைப் படிக்க வைத்தவன் நான். விழுந்தது.

செய்த தப்பின் மேல் ஒரு தாம்பூலத் தட்டை வைத்து மூடுவது நம் பக்கத்துப் பழைய வித்தை. வரப்புத் தகராறில் ஒருவன் இன்னொருவன் மண்டையை உடைப்பான். மூன்று வருஷம் கழித்துத் தன் மகள் கல்யாணத்துக்குத் தட்டோடு அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். உடைபட்டவனும் "நேர்ல வந்து வச்சுட்டான்ல" என்று மண்டபத்துக்குப் போவான். இரண்டு பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு ஏப்பம் விடுவார்கள். யார் யாரை எதற்காக அடித்தார், அடித்தது சரியா என்ற கேள்வி இலையோடு சுருட்டி எறியப்படும். ஊரார் இதைப் பெருந்தன்மை என்பார்கள். உண்மையை விசாரிக்கச் சோம்பல்படுகிறவர்கள் கண்டுபிடித்த பெயர் அது. அந்தச் சோம்பலை நீயும் கற்றுக்கொண்டாய் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. இளக்காரமாக இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ உனக்குச் சாதகமாக அதைச் சுருக்கி வைத்திருப்பாய். மணமேல்குடியிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு வருவதும், வாரத்தில் மூன்று நாள் அப்படியே பொன்னமராவதி வரை போவதும் காதருடைய வேலை. ஆறு வருஷம் உனக்கு ஓட்டினார். இந்தக் கோடையில் வண்டியில் கூலண்ட் குறைய ஆரம்பித்தது. என்ஜினைச் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரைத் தினமும் காலையில் ஊற்றுகிறேன், தினமும் குறைகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ இரண்டு நாள் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாய். தரையில் சொட்டு இல்லை. அதோடு உன் விசாரணை முடிந்தது. ஒரு நாள் பொன்னமராவதி போகிற வழியில் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி நின்று, ஐஸ் கரைந்து, ஒரு லோடு மீனும் வீணானது. மறுநாள் காலை மார்க்கெட்டில் வைத்து நீ அவரைக் கேட்டாய்.

"ஒழுகல, சொட்டல. அப்ப நீ ஊத்துன தண்ணி எங்கய்யா போச்சு, ஆவியாப் போச்சா? ஊத்தவே இல்லன்னு சொல்லு!"

உன்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரை 'நீ' என்றாய். "ஊத்துனேன் தம்பி" என்று அவர் ஒரு முறைதான் சொன்னார். "பொய் பேசுறவன் கையில வண்டியக் குடுத்தது என் தப்பு, சாவிய வச்சுட்டுக் கெளம்பு" என்றாய். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ரேடியேட்டர் எது, பேட்டரி எது என்று தெரியாதவர்கள்தான் அதிகம் ஆட்டினார்கள். காதர் சாவியை மீன் பெட்டி மூடியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அரைக் கிலோ சங்கரா மீனைப் பையில் வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளி நானும் நின்றிருந்தேன். அங்கே வாயைத் திறக்காமல் நின்றவர்களில் அதிகம் படித்தவன் நான்தான். என் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உன் கூட்டாளி மெக்கானிக் சேகரை முதலில் முடித்துவிடலாம். அவர் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, அப்படியென்றால் உள்ளேதான், தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் சோதித்தபோது என்ஜின் ஆறிக் கிடந்தது, எதுவும் சுழலவில்லை. நிற்கிற வண்டியை விசாரித்துவிட்டு ஓடுகிற வண்டிக்குத் தீர்ப்பு எழுதினார். நான் போனில் கேட்டேன். "சூடா இருக்கப்ப பாத்தீங்களா?" அதற்கு அவர், "அண்ணே, இருபது வருச சர்வீஸ்ணே. சத்தத்த வச்சே சொல்லிருவேன்" என்றார். சத்தத்தை வைத்தே சொல்கிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களால் நாளிதழ்கள் நிறைந்தன. உண்மை குறைந்தது.

கேஸ்கட் போயிருந்தால் அது சில அடையாளங்களை விட்டுவைக்கும். தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காப்பி நிறத்தில் பிசுபிசுக்கும். கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆறிய என்ஜினில் ரேடியேட்டரைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி குமிழியாக வரும். வரவில்லை. சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வரும். அதுவும் இல்லை. மூன்றையும் பார்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. என்ஜினைப் பிரித்துப்போட நாள் குறித்தவர் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை. ஒன்றை எழுதி வைத்துக்கொள்: சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியை ஒருநாளும் திறக்காதே. கொதிநீர் முகத்தில் அடிக்கும். உன் அவசரத்துக்கு நீ அதையும் செய்வாய்.

அன்றுதான் கூலண்ட் டப்பாவைக் கவனித்தேன். உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள். தொட்டுப் பார்த்தேன், நகப்பூச்சு. மேலே நீளமாக ஒரு கோடு. அதற்குச் சற்றுக் கீழே நாலைந்து கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பு'. வெகு கீழே இன்னும் மூன்று, அவற்றின் பக்கத்தில் 'பொ'. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாரோ புள்ள வெளையாண்டுருக்கு" என்றாள். விளையாட்டில் இத்தனை ஒழுங்கு இருக்காது. காலையில் மேல்கோடு வரை நிரப்பியவர் மறுநாள் காலை மறுபடி நிரப்பும் முன்னால், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்திருக்கிறார். புதுக்கோட்டையோடு திரும்பிய நாளுக்கு 'பு', பொன்னமராவதி வரை போன நாளுக்கு 'பொ'. ஊற்றாதவன் எதற்கு அளவு குறிக்கிறான்? இந்த டப்பா உன் கண்ணுக்கு முன்னால் எத்தனை நாள் இருந்தது என்று நீயே எண்ணிப் பார்.

நீளமாக, சுமையோடு ஓடினால் அதிகம் போகிறது என்றால் அப்படி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கட்டி வைத்திருந்த மணல் மூட்டைகளில் பதினைந்தைக் கேட்டு வாங்கி ஏற்றினேன். குழாய்கள் சேருகிற இடங்கள், பம்பு, ரேடியேட்டரின் அடிப்பகுதி எல்லாவற்றையும் உலரத் துடைத்து, உன் அம்மாவின் முகப்பவுடரை எடுத்துத் தூவினேன். ஈரம் எங்கே வந்தாலும் பவுடரில் தடம் விழும். வாசலுக்கு வந்து பார்த்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எஞ்சினுக்குப் பவுடரா? அப்படியே ஒரு பொட்டும் வச்சு விடுங்க, பொண்ணு பாக்க வரச் சொல்லுவோம்."

"ஒம் மகன் பேச்சுக்கு இதுதான் பரிகாரம்" என்றேன். அவள் பவுடர் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நார்த்தாமலை வரை போய், திரும்பி, மறுபடியும் போய் வந்தேன். இரண்டாவது முறை, ஜன்னல் வழியாக வெல்லப்பாகு காய்வது போன்ற ஒரு வாடை வந்தது. வீட்டுக்கு வந்து, என்ஜினை அணைத்து, மின்விசிறி நின்ற பிறகு விளக்கடித்துப் பார்த்தேன். குழாய்களில் பவுடர் வைத்தது வைத்தபடி இருந்தது. ரேடியேட்டரிலும் அப்படியே. பெல்ட்டில் சுழன்று தண்ணீரைச் சுற்றி ஓட விடுகிற பம்பின் அடியில் மட்டும் பவுடர் கரைந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூட்டில் அது உலர்ந்துகொண்டிருந்தது. பம்பின் அடிவயிற்றில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியே வந்து தகவல் சொல்வதற்காகவே வைத்த துளை அது. சுழலும்போது கசியும், நின்றால் நின்றுவிடும். கசிந்ததை விசிறி சிதறடிக்கும், மிச்சத்தைச் சூடு குடித்துவிடும். தரைக்கு எதுவும் வந்து சேராது. "ஆவியாப் போச்சா" என்று மார்க்கெட்டில் நையாண்டி செய்தாயே, அதேதான். ஆவியாகத்தான் போனது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்தத் துளைக்குக் கீழே ஒரு வெள்ளைப் படிவு மாதக்கணக்காக இருந்திருக்கிறது. நான் முதல் நாளே பார்த்தேன், பார்த்துவிட்டுக் கடந்தேன். சேகர் பார்த்திருப்பார். நீயும் பார்த்திருப்பாய். நம் ஊரில் போர்வெல் தண்ணீர் பட்ட எல்லாவற்றிலும் உப்புப் படிகிறது. வாளியில், குழாயில், குளியலறைத் தரையில், சோறு வடிக்கிற பாத்திரத்தில். வெள்ளைக் கறையைக் கறையாகப் பார்க்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போயிற்று. வண்டி கழுவிய தண்ணீர் காய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அன்று நகத்தால் சுரண்டினேன். மேல்தோல் உதிர்ந்ததும் உள்ளே பச்சை. அடுக்கடுக்காகப் பச்சை. போர்த் தண்ணீர் பச்சையாகக் காயாது. காதர் தினமும் ஊற்றியதெல்லாம் அங்கே படிந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது என் கதை. உன் தாத்தா இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், ஒரு லாரி சாலையோரக் கடைக்குள் புகுந்து ஒருவர் இறந்துபோனார். நிருபராக இருந்த நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். டிரைவர் குடித்திருந்தார் என்றார்கள். ஒரே ஒரு போன். 'குடிபோதையில் லாரி ஓட்டியவர் கைது' என்று எழுதினேன். நாலு நாள் கழித்து அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். "அவரு தொட்டதே இல்லைங்க சார். பிரேக்குப் புடிக்கலன்னு மொதலாளிகிட்ட ரெண்டு வாட்டி சொல்லியிருக்காரு" என்றார். "போலீஸ் சொன்னதத்தான்மா போட்டோம்" என்றேன். அந்தப் பதில் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. பிரேக் ட்யூப் வெடித்திருந்தது பிறகு தெரியவந்தது. இரண்டு வரித் திருத்தம் போட்டிருக்கலாம். பழைய செய்தி, யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஞாபகம் வைத்திருந்தவர்கள் லாரி முதலாளிகள். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. மார்க்கெட்டில் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தத் தலைப்புச் செய்திதான் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் சும்மா நின்றேன். உன்மேல் எனக்கு இருக்கிற இளக்காரத்தில் பாதியை நான் எனக்கே வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மணமேல்குடிக்குப் பஸ் ஏறினேன். காதர் ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டியில் போடுகிற வேலை செய்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

"வாங்க சார், ஒக்காருங்க. தம்பிக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். சந்தோசம்."

"கல்யாணம் பேச வரல காதர். டப்பாவுல செவப்புக் கோடு போட்டது நீங்களா?"

உள்ளேயிருந்து அவருடைய மகளின் குரல் வந்தது. "எங்க அத்தாதான் சார். பெருநாளைக்கு வாங்குன நெயில் பாலிஷு. எனக்கு ஒரு வெரலுக்கு மிஞ்சல, வண்டிக்குத்தான் போட்டாரு."

"பேனாவுல எழுதுனா அழிஞ்சு போவுது சார்" என்றார் காதர் வெட்கத்தோடு. "தம்பிகிட்ட ரெண்டு தடவ காட்டுனேனே. புதுக்கோட்டையோட திரும்புனா அர வெரக்கட கொறையுது, பொன்னமராவதி போனா நாலு வெரக்கட எறங்குது. ஓடும்போதுதான் போவுது. இனிச்ச வாடையும் வருது, பெல்ட்டுப் பக்கம் பாக்கச் சொல்லுங்கன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"பாய், நீங்க ஸ்டியரிங்கப் பாருங்க, பானட்டுக்குள்ள இருக்கத சேகர் பாத்துக்குவான்னாப்ல." அவர் சிரித்தார். "நானும் ஸ்டியரிங்கத்தான் பாத்தேன். இப்ப அதுவும் போச்சு."

வண்டி நின்ற அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "முள்ளு ஏறுன ஒடனே ஓரங்கட்டி அணைச்சுட்டேன் சார். அப்படியே மெதிச்சிருந்தா மீனக் கொண்டு சேத்துருக்கலாம். எஞ்சின் வெந்து போயிருக்கும். மீனு போனா நாளைக்குப் புடிக்கலாம். எஞ்சின் போச்சுன்னா, கல்யாணத்த வச்சுக்கிட்டுத் தம்பி எங்கிட்டுப் போவாப்ல?" அந்த என்ஜினைத்தான் நான் பதினைந்து மூட்டை மணலோடு இரண்டு முறை நார்த்தாமலைக்கு ஓட்டினேன். உன் மீனா உன் என்ஜினா என்று கண நேரத்தில் முடிவெடுத்து, உனக்கு எது பெரிதோ அதைக் காப்பாற்றியவரைத்தான் நீ பொய்யன் என்றாய்.

திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். "வேணாம் சார்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, முடிவாகச் சொன்னார். வேறு வண்டிக்கு மூன்று இடத்தில் கேட்டிருக்கிறார். மூன்று பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள். "எஞ்சினக் காயப்போட்ட ஆளுல்ல நீங்க?" அன்று மார்க்கெட்டில் நின்றவர்கள்தான் இந்தப் பக்கம் எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று சொல்கிறவர்கள். "அவங்க காதுல விழுந்தது விழுந்தபடி இருக்கு சார். அதத்தான் என்ன பண்றதுன்னு தெரியல." டீ கொண்டுவந்து வைத்த அவருடைய மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். "நீங்களும் அன்னைக்கு அங்கதான் நின்னீங்களாமே சார்?" "நின்னேம்மா" என்றேன். அந்த டீயைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரமானது.

சனிக்கிழமை நீ வந்துவிடுவாய். புதுப் பம்பு வாங்கி வண்டி சீட்டில் வைத்திருக்கிறேன். நான் மாட்டவில்லை. பழைய பம்பை நீயே உன் கையால் கழற்ற வேண்டும். கழற்றும்போது அந்தப் படிவு உதிராமல் பார்த்துக்கொள், துடைத்துவிடாதே. புதியதை மாட்டி, பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, கூலண்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்று. போர்த் தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றினாலும் கழுதைக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லை. காதரின் கோடுகளை அழிக்காதே. இனி யார் ஓட்டினாலும் அவை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மார்க்கெட்டில் ஆள் நிறைய இருக்கும். காதர் வருவதாகச் சொல்லவில்லை, நானும் வரச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டாலும் நீ சொல்ல வேண்டியது சொல்ல வேண்டியதுதான். தட்டு வேண்டாம், வெற்றிலை பாக்கு வேண்டாம், அழைப்பிதழ் வேண்டவே வேண்டாம். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் யோக்கியதை உனக்கு வந்தால் வேறொரு நாள் கொண்டுபோ. பழைய பம்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அவர் சாவியை வைத்த அதே இடத்தில் நில். நகத்தால் சுரண்டிப் பச்சையைக் காட்டு. அவர் தினமும் ஊற்றினார் என்று சொல். உன்னிடம் இரண்டு முறை சொன்னார், நீ கேட்கவில்லை என்று சொல். என்ஜினைக் காப்பாற்றியது அவர் என்று சொல். ஆளுக்கு ஆள் தனியாகக் காதில் சொல்வது, 'ஏதோ ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று யாரும் செய்யாத தப்பாகச் சொல்வது, இதெல்லாம் கூடாது.

உனக்கு முன்னால் நான் பேசுவேன். என்னுடையது இரண்டு வரிதான்: அன்று நானும் இங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. எழுத வேண்டிய காலத்தில் எழுதாமல் விட்ட அதே அளவு. பேசிவிட்டு நான் உன் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. அன்று உன் சத்தம் சைக்கிள் ஸ்டாண்டு வரை கேட்டது என்று காதரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய் நின்றுகொள்கிறேன். உன் குரல் அங்கே வரை கேட்க வேண்டும்.

அப்பா